கீழ்வயலில் நிற்கும் தண்ணீர்

"மடையை யாருடா வெட்டிவிட்டது?"

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு, அரை மணி நேர வேலை..."

"யாரு வெட்டிவிட்டதுன்னு கேக்கறேன்."

"நான்தான். வேற யாரு வருவா? எடுத்து முடிச்சதும் நானே அடைச்சுட்டு..."

"அடைச்சு? அடைச்சு எதை ஊத்தி நெரப்புவ? உன் எச்சியையா?"

"காலங்காத்தால கத்தாதக்கா, ஆளுங்க வர்ற நேரம். வாய்க்கால்லதான் தண்ணி வருதுல்ல, சாயந்தரத்துக்குள்ள..."

"வாய்க்காலைப் போய்ப் பாத்தியா? ஒரு எட்டு போய்ப் பாத்தியாடா நீ? மணல் தெரியுது அதுல!"

தமிழரசன் வாய்க்கால் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். கருவை மரங்களுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்கால் இங்கிருந்து தெரியாது என்று அவனுக்கும் தெரியும். அக்காவின் முகத்தைப் பார்க்காமலிருக்க எதையாவது பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தான்.

அமிர்தத்தின் கையில் தூக்குவாளி இருந்தது. தம்பிக்கென்று கொண்டுவந்த டீ. முதல் நாள் சாயங்காலமே சீர்காழியிலிருந்து கேமரா சாமான்களோடு வந்து அவள் வீட்டில்தான் தங்கியிருந்தான். கெளுத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்து, நல்ல துண்டமாகப் பார்த்து அவன் தட்டில் போட்டாள். "நாளைக்கு உன் வயல்லதான்கா ஷூட்டிங். கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கறது. நட்ட வயலு, பச்சைப் பசேல்னு, நடுவுல பொண்ணு மாப்பிள்ளை" என்றான். சரி எடுத்துக்கொள் என்றாள். ஆடி மாசத்தில் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாவிட்டால் தம்பிக்கு வேலை இல்லை. ஆவணியில் முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் இப்படி வயலுக்கும் கடற்கரைக்கும் வந்து படம் எடுத்துக்கொண்டால்தான் உண்டு. விடிவதற்கு முன்னால் கொல்லைக் கதவுச் சத்தம் கேட்டது. வெளிச்சம் பார்க்கக் கிளம்பிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டு மாட்டைக் கறக்க எழுந்தாள். கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று யார் கண்டார்கள்? பால் ஊற்றிவிட்டு வந்து, ஏலக்காய் தட்டிப்போட்டு டீ வைத்து, வரப்போடு நடந்து வரும்போதுதான் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம். அவள் வயலிலிருந்து கீழ்வயலுக்குத் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்குள் அது மெலிந்து, குழாய் ஒழுகுகிற மாதிரி ஆகியிருந்தது.

மூன்று மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்று. நட்டு நாலு நாள். நாற்று இன்னும் வேர் பிடிக்கவில்லை. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்ததால் நின்றது. தாங்கின தண்ணீர் போனதும் குத்துக் குத்தாகத் தலை சாய்ந்து சேற்றில் படுத்துவிட்டது. அவள் கொட்டகையிலிருந்த இரண்டு பலகைகள் வயலின் நடுவில் கிடந்தன. பலகை போட்ட இடத்தில் நாற்று அதற்கடியில் இருந்தது. பலகைகளின் மேல் ஆளுயரக் கம்பங்கள் இரண்டு, கம்பத்தின் தலையில் வெள்ளைத் துணி போர்த்திய கூண்டு மாதிரி ஒன்று, கம்பத்தின் காலடியில் அரிசி டின் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

"நேத்து வரைக்கும் ஓடுச்சேக்கா" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"முந்தாநாளே ஷட்டரை எறக்கிட்டுப் போயிட்டான் மதகு பாக்கற லஸ்கர். நேத்து நீ பாத்தது வாய்க்கால்ல தேங்கிக் கெடந்தது."

"ஏழு நாளு மொறைதானே எப்பவும்?"

"எப்பவும்! மேட்டூர்ல எப்பவும் போலயா தண்ணி நிக்குது? இந்த வருஷம் அஞ்சு நாளு வுட்டுட்டுப் பத்து நாளு நிறுத்தம். பத்து நாளு. வாட்சப்புல போட்டாங்களே, நீயும்தானே அந்தக் குரூப்புல இருக்க?"

இருந்தான். சத்தம் வராமல் அதை அடக்கிவைத்து இரண்டு வருஷமாகிறது. உரம் வந்திருக்கிறது, நடவுக்கு ஆள் வேண்டும், ஓடிப்போன கன்றுக்குட்டியை யாராவது பார்த்தீர்களா என்று விடிந்ததிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது என்று அவளுக்கே ஒருநாள் அடக்கிக் காட்டினான். அவள் மறுநாளே யாரையோ பிடித்து சத்தத்தைத் திரும்ப வரவைத்துக்கொண்டாள்.

பத்து நாளைக்கு இதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று முறை முடிந்த அன்று சாயங்காலம் முழுக்க அவளும் நடவுக்கு வருகிற ராமாயியும் வரப்பைச் சுற்றி வந்தார்கள். நண்டு வளை ஒவ்வொன்றாகத் தேடி, சேற்றை உருட்டி வைத்து, குதிகாலால் மிதித்து அடைத்தார்கள். ராமாயிக்கு முழங்கால் வலி. "ஒரு சொட்டு போவாதும்மா இனிமே. எலி மூத்திரம் பேஞ்சாலும் உன் வயல்லதான் நிக்கும்" என்று சிரித்தாள். நேற்றுக் காலையில் களைக்கொல்லியை மணலில் கலந்து வீசியாகிவிட்டது. மூன்று நாளாவது தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் மருந்து பிடிக்கும். அந்தத் தண்ணீரும் மருந்துமாகத்தான் இப்போது கீழே கிடக்கிறது.

போர் போடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சீர்காழிக்குக் கிழக்கே இந்தப் பக்கம் எங்கே துளை போட்டாலும் உப்புதான் ஏறும். வாய்க்கால் வந்தால் பயிர், வராவிட்டால் இல்லை.

"நீ எதுக்குடா வடிச்ச? தண்ணி நின்னா உனக்கு என்ன? அவங்க காலு நனைஞ்சுருமா?"

"அவங்களுக்கு இல்லக்கா. இதுக்கு." கறுப்புப் பெட்டியைக் காட்டினான். "தண்ணிக்குள்ள கம்பம் நிக்காது. சேத்துல சாயும். இது உள்ள விழுந்தா அவ்வளவுதான். எனக்கும் ஷாக்கு, இதுவும் சாம்பல். கூத்தாநல்லூர்ல நடந்துச்சே, உனக்குத்தான் சொன்னேனே."

சொல்லியிருந்தான். முன்பெல்லாம் ஸ்டுடியோவில் வைத்து அடிக்கிற பெரிய விளக்குக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். வெளியே எடுத்தால் யார் வீட்டு வாசலிலாவது நின்று ஒயர் இழுக்க வேண்டும். ஒயர் முடிகிற இடத்தில் படமும் முடிந்துவிடும். இந்த பேட்டரிப் பெட்டி வந்த பிறகு அது இல்லை. நடு ஆற்றில் நிற்கலாம், மொட்டைப் பாறையில் நிற்கலாம். நட்டநடு வெயிலில்கூட இதை வைத்து அடித்தால் பின்னால் வானம் சாயங்காலம் மாதிரி இருண்டுகொள்ளும், முகம் மட்டும் துலங்கும் என்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே கையை விரித்து விரித்துச் சொன்னான். போன வருஷம் அவனிடம் சொந்தப் பெட்டி இல்லை. கூத்தாநல்லூர் அப்துல் ரஹ்மானிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், குளத்துப் படியில் வைத்து எடுத்தபோது கம்பம் சாய்ந்து பெட்டியோடு தண்ணீரில் விழுந்தது. அப்துல் ரஹ்மான் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். ஈரப்பெட்டியைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதில்லை. இப்போது இந்தப் பெட்டி தமிழரசனுடையது. ராத்திரி அமிர்தத்தின் வீட்டுக் கூடத்தில், மிக்ஸி போடுகிற பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இதைத்தான் சார்ஜில் போட்டிருந்தான்.

அமிர்தம் பெட்டியைப் பார்த்தாள். "அம்மாம் வெளிச்சம் வருதுங்கற. ஒரு மோட்டாரை ஓட்டாதா இது?"

"மோட்டாரா?"

"கீழ்வயல்ல கெடக்கறதைத் திருப்பி ஏத்தணும்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள எரிஞ்சு அணையுற வெளிச்சம்கா இது. அதுக்குத்தான் இதுல தெம்பு. மோட்டாரெல்லாம் சுத்தாது."

"அப்ப எதுக்குத்தான் ஆவும்?" என்றாள். தூக்குவாளியைத் திறந்து டீயை வரப்பில் கவிழ்த்தாள். மண் உடனே குடித்துவிட்டது.

இந்த நிலம் அவளுடையது கிடையாது. குத்தகை. நிலக்காரர் சென்னையில் இருக்கிறார், நல்ல மனிதர்தான், ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனிதருக்கு வெள்ளம் வந்த கதையும் வறட்சி வந்த கதையும் ஒரே மாதிரிதான் கேட்கும். போன சம்பாவில் மழை மூழ்கடித்துக் குத்தகை நெல் குறைந்தபோது, "இந்த ஒரு போகம் பாக்கறேன்மா. இதுவும் சரியா வரலைன்னா கீழ்வயல்காரர்கிட்டயே விட்டுர்றேன், அவரும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்காரு" என்று போனில் சொன்னார். கீழ்வயல்காரர் சிங்காரவேலு. அமிர்தத்தின் புருஷன் ஜெயபாலுக்குப் பங்காளி முறை. "பொம்பளை தனியா என்னத்தைப் பயிர் வைப்பா?" என்று அவர் நிலக்காரரிடம் சொன்னது நிலக்காரர் வாயாலேயே அவளுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, அவள் அவரோடு பேசுவதில்லை. மஸ்கட்டில் லாரி ஓட்டுகிற ஜெயபாலுக்கு இது எதுவும் பெரிதில்லை. "விட்டுத் தொலையேன், நான் அனுப்பறது பத்தலையா?" என்பான். அவன் ஊருக்கு வந்துவிட்டுப் போகிற நாற்பது நாளைத் தவிர மீதி நாளெல்லாம் அவள் யார் என்று இந்த மூன்று மா நிலம்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவனுக்குப் போனில் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கார் வந்து நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். பெண் அபிநயா, மாப்பிள்ளை வெற்றிசெல்வன், இரண்டு பேருக்கும் சென்னையில் ஒரே ஆபீசாம். அவள் மாம்பழக் கலரில் பட்டுக் கட்டியிருந்தாள். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வரப்பில் ஓடிவந்தாள். அமிர்தத்தைப் பார்த்ததும் கை கூப்பினாள். "வணக்கம் ஆன்ட்டி, உங்க வயலா? ரொம்ப தாங்க்ஸ் ஆன்ட்டி." நல்ல பெண்தான். நல்ல பெண் என்பதால் அமிர்தத்துக்கு இன்னும் எரிந்தது, திட்டவும் வழியில்லை.

பெண் வயலைப் பார்த்தாள். தமிழரசனைப் பார்த்தாள். மறுபடி வயலைப் பார்த்தாள்.

"அண்ணா, தண்ணி எங்கண்ணா?"

"தண்ணி... பச்சை இருக்கேம்மா. பாருங்க, நடுவுல பலகையெல்லாம் போட்டு வச்சிருக்கேன், உள்ள நடந்து போலாம்."

"இல்லண்ணா. நாங்க தண்ணிக்காகத்தான வந்தோம்?" போனை எடுத்துக் காட்டினாள். நடவு நட்ட அன்று தமிழரசன் எடுத்து ஸ்டேட்டஸில் போட்ட படம். வயல் நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறைய வானம், வானத்துக்குள் குத்துக் குத்தாக நாற்று நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அமிர்தமும் நடவு ஆட்களோடு குனிந்துதான் இருந்தாள். படத்தில் அவள் முதுகு இருந்திருக்க வேண்டிய ஓரத்தை வெட்டியிருந்தான். "இந்த வானம் தண்ணில தெரியுதுல்ல, இது வேணும்னுதான் இவரு லீவு போட்டாரு. வெறும் சேத்துல நின்னு எடுக்கறதுன்னா..." முடிக்காமல் வெற்றிசெல்வனைப் பார்த்தாள்.

"வேற எடம் இருக்கா ப்ரோ?" என்றான் அவன்.

அமிர்தம் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவன் முகத்தில் ஒரு நொடி வந்து போனதை அவள் பார்த்துவிட்டாள். சின்ன வயதில் பரீட்சைத் தாளை அப்பாவுக்குக் காட்டாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு நிற்கும்போது வருகிற முகம். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டுக்கொண்டே, இவனை இந்தச் சேற்றிலேயே போட்டு மிதித்தால் என்ன என்றும் தோன்றியது.

மொபெட் சத்தம் கேட்டது. சிங்காரவேலு வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும், மீசைக்கு மை போடுவதை மட்டும் ஒரு வாரம் தவறவிடமாட்டார். வரப்பில் நின்று தன் வயலைப் பார்த்தார், அமிர்தத்தின் வயலைப் பார்த்தார், நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ன தமிழரசு, உங்கக்கா மருந்து வீசி, தண்ணியும் கட்டி, மொத்தத்தையும் என் வயலுக்கு அனுப்பி வச்சுட்டா போலருக்கு? எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம்."

அமிர்தம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் காதைத் திருப்ப முடியாதே.

"மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க" என்று தமிழரசன் குரலில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டு அவரிடம் போனான். அவன் சட்டையைப் பின்னாலிருந்து அமிர்தம் பிடித்து இழுத்தாள்.

"இன்ஜினைக் கேளு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்த இன்ஜினு?"

"அவரு கொட்டாயில நிக்குதுல்ல, ஆயில் இன்ஜினு. ரெண்டு மணி நேரம் ஓட்டுனா அவ்வளவையும் இங்க ஏத்திரலாம். கேளு."

"இரு அக்கா. மொதல்ல எடம் கேட்டுக்கறேன்."

"இப்பவே கேளுடா."

"ரெண்டையும் ஒண்ணாக் கேட்டா ரெண்டும் போயிரும்கா. அவரு எப்படின்னு உனக்குத் தெரியாதா? எடத்தைக் குடுக்கட்டும், படத்தை எடுத்து அவருக்கும் ஒண்ணு காட்டி, குளிர வச்சு, அப்புறம் கேக்கறேன்."

போய்விட்டான். அவன் கேட்பதும் அவர் மீசையைத் தடவிக்கொண்டு தலையசைப்பதும் தெரிந்தது. பேச்சு காற்றில் துண்டு துண்டாக வந்தது. "எடுத்துக்க, எடுத்துக்க, அதுக்கென்ன. ஆனா சீக்கிரம் முடிச்சுரு. நாத்து முழுகிக் கெடக்கு பாரு. நீங்க போனதும் வடிகாலைத் தொறந்து விடணும். ஒரு மணி நேரம் தாமதிச்சா அழுகிரும்."

வடிகால் என்றதும் அமிர்தம் திரும்பிக் கீழ்வயலைப் பார்த்தாள். அவருக்கு இந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அவர் வயலில் அவர் கட்டிய தண்ணீரே போதும். மேலே ஏறி நிற்கிறது இவளுடையது. அதை வடிகாலில் விடுவார், வடிகால் உப்பனாற்றில் விழும், உப்பனாறு கடலில் விழும். மேட்டூரிலிருந்து எத்தனை மதகு, எத்தனை ஷட்டர் தாண்டி, எத்தனை ஊர்க்காரன் கண்ணுக்குத் தப்பிக் கடைமடைக்கு வந்து, அவள் வயலில் இரண்டு நாள் நின்ற தண்ணீர். அவர் வைத்துக்கொண்டு அனுபவித்தால்கூட ஒரு வயிற்றெரிச்சலோடு போயிருக்கும்.

படுத்துக் கிடந்த நாற்றுகளுக்கு நடுவிலிருந்து தமிழரசன் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனான். போன வழியெல்லாம் காலடி. கீழ்வயல் வரப்பில் கொண்டுபோய் ஊன்றினான். பெண்ணையும் மாப்பிள்ளையையும் குறுக்கு வரப்பில் நிறுத்தினான். அவர்கள் நின்ற இடத்துக்குக் கீழே தண்ணீரில் அவர்கள் தலைகீழாக நின்றார்கள். வானம் கீழே ஆழமாகக் கிடந்தது. விளக்கு வரப்பில், பெட்டி வரப்பில், யாருடைய காலும் வயலில் இறங்கவில்லை.

"ஏன்டா" என்றாள் அமிர்தம். அவன் பக்கத்தில் வந்து, சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "வரப்புல வச்சே எடுக்கலாம்னா என் வயல்லயே எடுத்திருக்கலாமே?"

அவன் கம்பத்தின் திருகை இறுக்கினான். "நடுவுல நடந்து வர்ற மாதிரி எடுக்கணும்னு இருந்தேன்கா. இது அப்பத் தோணல."

"தோணல."

"தோணலக்கா. என்னைச் சாவச் சொல்றியா அதுக்கு? இந்தப் பொண்ணு படத்தைப் போட்டா அவ ஆபீஸ்ல இருக்கற அத்தனை பேரும் பாப்பாங்க. ஆவணி, ஐப்பசி பூரா எனக்கு வேலை. எடுத்து முடிக்க விடு, கேக்கறேன்னு சொல்லிட்டேன்ல?"

ஆடிக்காற்று எழும்பியது. துணிக்கூண்டு பாய்மரம் மாதிரி உப்பி, கம்பம் சாய்ந்தது. தமிழரசன் பாய்ந்து பிடித்தான். பெட்டியைத் தூக்கிக் கம்பத்தின் கொக்கியில் பாரமாகத் தொங்கவிட்டான், அப்போதும் ஆடியது. சுற்றிலும் பார்த்தான்.

"அக்கா, இதை மட்டும் கொஞ்சம் புடிச்சுக்கோயேன். இது தண்ணில விழுந்தா நான் செத்தேன்."

அவள் அங்கேயே நின்றாள். விழட்டும் என்று நிற்க அவளால் முடியும் என்றுதான் நினைத்தாள். காற்று இன்னொரு தடவை வந்தது, கம்பம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது, அவன் "அக்கா!" என்று கத்தினான். கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி அவள் தொடையில் இடித்தது. லேசாகச் சுட்டது.

வெளிச்சம் அடித்தது. தலைக்கு மேலே மின்னல் வெட்டினது மாதிரி. பெண்ணின் முகமும் நகையும் ஒருகணம் பளீரென்று வெளுத்தது, தண்ணீருக்குள்ளும் ஒருகணம் வெளுத்தது, பிறகு எல்லாம் பழைய வெயிலாகிவிட்டது. பெட்டி ஒரு சத்தம் கொடுத்தது, அடுத்ததுக்குத் தயார் என்பது போல. மறுபடி வெட்டியது. ஒவ்வொரு தடவையும் அமிர்தம் கண்ணை மூடித் திறந்தாள். திறக்கும்போதெல்லாம் அவள் எதிரே தெரிந்தது அவள் வயல்தான். காற்றிலும் வெயிலிலும் சேற்றின் மினுமினுப்பு போய்க்கொண்டிருந்தது. மேட்டுப் பக்கம் ஏற்கெனவே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. நாளை மறுநாள் நகத்தால் கீறின மாதிரி விரிசல் வரும். அதற்கடுத்த நாள் விரல் போகும். பிறகு வேரை அறுக்கும்.

"அண்ணா, அந்த ஐயாவையும் பின்னாடி நிக்கச் சொல்லுங்களேன்" என்றாள் அபிநயா. "மண்வெட்டியோட. ரியலா இருக்கும்."

"என்னையாம்மா? நான் என்னத்துக்கு?" என்றார் சிங்காரவேலு. சொல்லிக்கொண்டே துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். மண்வெட்டி அவர் கொண்டுவரவில்லை. வரப்பில் கிடந்த அமிர்தத்தின் மண்வெட்டியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, தமிழரசன் காட்டிய இடத்தில் போய் நின்றார். மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"மாமா, கேமராவைப் பாக்கக் கூடாது. தூரத்துல அந்தத் தென்னையைப் பாருங்க. சிரிக்க வேணாம். வாயை அசைக்காதீங்க. பயிரைப் பத்திக் கவலைப்படற மாதிரி, அப்படியே."

சிங்காரவேலு பயிரைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரி நின்றார். நன்றாகவே நின்றார்.

அமிர்தம் கணக்காக யோசித்தாள். படம் முடிந்ததும் இவர்கள் காருக்குப் போவார்கள். தம்பி சாமானைக் கட்டுவான். கட்டிக்கொண்டே கேட்பான், அல்லது மறந்துபோவான், அல்லது "சொல்லிட்டேன்கா, பாக்கறேன்னாரு" என்பான். அதற்குள் வடிகால் திறந்துவிடும். வாயைத் திறந்து கேட்டால் மட்டும் இந்த மனிதர் கொடுப்பாரா? அவள் வயல் காய்ந்தால் அறுவடையில் குத்தகை நெல் குறையும், குறைந்தால் நிலம் தானாக அவர் மடியில் விழும். தண்ணீரை இறைத்துக் கொடுத்து அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு என்ன வேண்டுதல்? காய்ந்தால் லாபம் என்று இருக்கிறவரையில் அவர் இன்ஜினைக் கொடுக்கப் போவதில்லை.

நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரைக் கூப்பிட்டாள்.

"மாமா."

சிங்காரவேலுவின் கண் மட்டும் திரும்பியது.

"மாமா, தென்னை, தென்னை! அங்க பாருங்க" என்றான் தமிழரசன்.

கண் தென்னைக்குப் போய்விட்டது. வெளிச்சம் வெட்டியது.

"மாமா, உங்க இன்ஜினை ஒரு ரெண்டு மணி நேரத்துக்குக் குடுங்க. வடிகாலைத் தொறக்காதீங்க."

"அக்கா, கொஞ்சம் பேசாமத்தான் இரேன். அவரு பார்வை கலையுது. ஒரே ஒரு படம், அவ்வளவுதான்." கேமராவிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னான். பெண்ணும் மாப்பிள்ளையும் நெற்றியோடு நெற்றி வைத்துக் கண்ணை மூடி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தோளில் அவள் மண்வெட்டியோடு, தென்னையைப் பார்த்தபடி, வாயை இறுக்கிக்கொண்டு அந்த மனிதர் நின்றார். சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு அவர் கழுத்து நரம்பு மட்டும் ஒரு தடவை அசைந்தது. பெட்டி சத்தம் கொடுத்தது. காற்று கம்பத்தை இழுத்தது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மாமா, அறுத்து முடிச்சதும் நெலத்தை நீங்களே எடுத்துக்குங்க, நானே நெலக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். இந்தத் தண்ணிய மட்டும் திருப்பி எறைச்சுக் குடுங்க."